பரம எதிரி இன்னும் இருக்கிறாரா? விளையாட்டுப் பகை ரசிகர் மனதில் இயங்கும் விதம்

வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். விடைத்தாள் கைக்கு வந்ததும் நம் கண் ஓடுவது ஒரே ஒருவருடைய மார்க்கைப் பார்க்கத்தான். எப்போதும் முதல் ரேங்க் எடுப்பவர் நம்மைவிட இருபது மார்க் கூட வாங்கினாலும் நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. நம்மைவிட ஒரே ஒரு மார்க் கூட எடுத்த அந்த ஆள்தான் உறுத்திக்கொண்டே இருப்பார். போன தேர்வில் நாம் அவரை முந்தியிருந்தோம் என்றால் உறுத்தல் இன்னும் அதிகம்.

விளையாட்டில் ‘பரம எதிரி’ என்று சொல்வதும் இதே சமாச்சாரம்தான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டு எல்லைகளில் போய் நிற்கிறது. “அந்தக் காலத்துப் பகையெல்லாம் இப்போது ஏது? ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், பணம் கொடுத்தால் அணி மாறுகிறார்கள், மிச்சமெல்லாம் டிவிக்காரர்கள் கிளப்பிவிடுவது” என்று ஒரு பேச்சு. “பகை என்றாலே வெறி, அடிதடி, அது ஒழிந்தால் நல்லது” என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே குழப்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பகை ஆடுகிறவர்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். அது பெரும்பாலும் பார்க்கிறவர்களிடம் இருக்கிறது. எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

போட்டி வேறு, பகை வேறு

போட்டி ஓர் ஆட்டத்துக்குள் முடிந்துவிடும். விசில் ஊதியதும் யார் வென்றார், யார் தோற்றார் என்பது எழுதப்பட்டு, கதை அடுத்த ஊருக்குப் போய்விடும். விளையாட்டுப் பகை அப்படி முடிவதில்லை. ஒரே எதிராளியை மறுபடி மறுபடி சந்திக்கும்போது, பழைய ஆட்டங்களின் மிச்சமும் சேர்ந்து களத்தில் இறங்குகிறது. சுருக்கமாக, பகை என்பது பழைய கணக்கோடு ஆடப்படும் போட்டி.

டென்னிஸில் கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினார்கள். நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37. எண்பதாவது ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தவர் ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. முந்தைய 79 ஆட்டங்களும் அவர் கூடவே உட்கார்ந்திருந்தன. இத்தனைக்கும் இருவரும் தோழிகள். பகை இருக்க வெறுப்பு தேவையில்லை என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிரி எப்படி உருவாகிறார்?

கேவின் கில்டஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளை எடுத்துக்கொண்டு, எந்த அணி எந்த அணியை எதிரியாக நினைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று விஷயங்கள் மேலே வந்தன: இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது, தரத்திலும் அந்தஸ்திலும் ஒத்திருப்பது, பல காலமாகச் சரிக்குச் சரி மோதி வந்திருப்பது.

தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: பங்காளிச் சண்டை. தூரத்து ஆளோடு யாரும் வரப்புக்குச் சண்டை போடுவதில்லை. அதிகம் ஒத்திருப்பவர்களுக்குள்தான் சிறு வித்தியாசமும் பெரிதாகப் படுகிறது. பாதிப் பேர் பார்வைக்கு நம்மைப் போலவே இருக்கும்போது, நாம் யார் என்று காட்டிக்கொள்ள ஒரு கோடு தேவைப்படுகிறது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரே எதிரி.

மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றில்லை. சென்னை சூப்பர் கிங்ஸும் மும்பை இந்தியன்ஸும் பக்கத்து ஊர் அணிகள் கிடையாது. ஐபிஎல் தொடங்கியதே 2008-ல்தான். ஆனால் 2010, 2013, 2015, 2019 என்று நான்கு இறுதிப் போட்டிகளில் இவ்விரண்டும் சந்தித்தன. கடைசியாகச் சொன்னதில் மும்பை ஒரே ஒரு ரன்னில் வென்றது. பாரம்பரியம் என்று எதுவும் இல்லாத இடத்தில், பத்தே ஆண்டுகளில் ஒரு கணக்கு எழுதப்பட்டுவிட்டது. எழுதியது நெருக்கமான ஆட்டங்கள்.

சில சமயம் கணக்குக்கு ஒரு பொருளும் கிடைத்துவிடும். 1882-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியா 7 ரன்களில் இங்கிலாந்தை வீழ்த்தியது. இங்கிலாந்து கிரிக்கெட் இறந்துவிட்டது, உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் செல்லப்படும் என்று ஒரு பத்திரிகை இரங்கல் செய்தி போல அச்சிட்டது. அந்தச் சாம்பலின் பெயரால் ஒரு கையடக்கச் சிமிழ் வந்தது. ஆஷஸ், அதாவது சாம்பல், என்ற பெயரில் ஒரு தொடர் வந்தது. அந்தச் சிமிழுக்காக இரண்டு நாடுகளும் இன்றுவரை மோதுகின்றன.

ரசிகர் எப்படி உள்ளே வருகிறார்?

இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. ஆடுவது பதினோரு பேர். பார்க்கிறவருக்குச் சம்பளமும் இல்லை, கோப்பையும் இல்லை. பிறகு ஏன் மூன்று நாள் சாப்பாடு இறங்குவதில்லை?

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடித்தது என்று கேட்டு, அதன்படி இரண்டு குழுவாகப் பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குப் பணம் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். சிறுவர்கள் தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுவாவது எதிர்பார்த்தது. தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்ற தேர்வுகளையும் செய்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன் இல்லாத ஒரு குழுவுக்காக!

இதிலிருந்து வந்த கருத்துக்குக் குழு அடையாளம் என்று பெயர். நான் யார் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதிலிருந்து வருகிறது. கூட்டம் உயர்ந்தால் நானும் உயர்கிறேன். அது தாழ்ந்தால் எனக்கும் வலிக்கிறது.

1976-ல் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை இன்னும் எளிதாகப் பார்த்தார்கள். வார இறுதியில் கல்லூரி அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகம். பேச்சும் மாறியது. வென்றால் “நாம் ஜெயித்தோம்”, தோற்றால் “அவர்கள் தோற்றார்கள்”. பிறர் வெற்றியில் குளிர்காய்வது என்று இதைச் சொல்லலாம். நெருப்பு மூட்டியது வேறு யாரோ, கதகதப்பு நமக்கு.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: ஒத்திருப்பவர்கள் அடிக்கடி நெருக்கமாக மோதினால் ஒரு கணக்கு உருவாகிறது. ரசிகர் தன்னை அணியோடு சேர்த்து ‘நாம்’ என்று நினைப்பதால் அந்தக் கணக்கு அவர் சொந்தக் கணக்காகிறது.

எதிரி தோற்றால் ஏன் இனிக்கிறது?

‘நாம்’ என்று ஒன்று வந்துவிட்டால் ‘அவர்கள்’ தானாக வந்துவிடும். நம் அணி ஆடவே இல்லை. எதிரி அணி வேறு யாரிடமோ தோற்கிறது. நமக்கு ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பிறருடைய வீழ்ச்சியில் வரும் இந்த மகிழ்ச்சிக்கு ஜெர்மன் மொழியில் ஷாடன்ஃப்ராய்ட என்று தனிச் சொல்லே உண்டு. உளவியலும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறது.

பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் பரம எதிரிகள். மினா சிகாரா என்ற ஆய்வாளரும் சகாக்களும் இவ்விரு அணிகளின் ரசிகர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஆட்டக் காட்சிகளைக் காட்டினார்கள். 2011-ல் வெளியான முடிவு: தன் அணி சாதிக்கும்போது மட்டுமல்லாமல், எதிரி அணி சொதப்பும்போதும் மூளையின் அடியில் வெகுமதியை உணரும் பகுதி துடிப்பாக வேலை செய்தது. எதிரி தோற்றது மூன்றாவது அணி ஒன்றிடம் என்றாலும் அதே விளைவு. ஆக, அந்தச் சந்தோஷம் வாய்ப்பேச்சுக்குச் சொல்வது இல்லை. உடம்பில் நடப்பது.

கண்ணும் கட்சி சேர்ந்துவிடுகிறது. 1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) முரட்டுத்தனமாக நடந்தது. ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, மறுபக்கம் கால் முறிந்தது. பிறகு ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அதே ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம்தான். நடுவர் எப்போதும் நமக்கு எதிராகவே விசில் ஊதுவதாகத் தோன்றுகிறதே, அது பொய் சொல்வது ஆகாது. நமக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அதே நிஜத்தோடு நேர்மாறாகத் தெரிகிறது.

கணக்கு தலைமுறை தாண்டும் விதம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டு கால்பந்துக் கிளப்புகள். முதல் சந்திப்பு 1888-ல். செல்டிக் ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளிடையே பிறந்தது. ரேஞ்சர்ஸ் பிராட்டஸ்டன்ட்களின் அணியாக அறியப்பட்டது. மதமும் அரசியலும் சேர்ந்த பகை அது, அதில் கசப்பான பக்கங்கள் நிறைய. ஆனால் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் கணக்கில் ஓர் எண் இருக்கிறது: ஒன்பது.

1966 முதல் 1974 வரை செல்டிக் தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் அந்த ஒன்பதைக் கேட்டே வளர்ந்தார்கள். 1989 முதல் 1997 வரை ரேஞ்சர்ஸ் அதே ஒன்பதை எட்டியது. பத்தாவது கிடைத்துவிட்டால் எதிரியின் சாதனையை அழித்துவிடலாம். 1998-ல் பட்டத்தை வென்று அதைத் தடுத்தது யார்? செல்டிக். பின்னர் 2012-ல் ரேஞ்சர்ஸ் பணச் சிக்கலில் நொறுங்கி நான்காம் டிவிஷனில் போய் ஆட வேண்டியதாயிற்று. 2016-ல்தான் மேலே திரும்பியது. இதற்கிடையே தொடங்கி 2020 வரை செல்டிக் மறுபடியும் ஒன்பது. இந்த முறை பத்தாவதை 2021-ல் தடுத்தது ரேஞ்சர்ஸ், ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல்.

1998-ல் பத்தைத் தடுத்த வீரர்களில் ஒருவரும் 2021-ல் ஆடவில்லை. பயிற்சியாளர், நிர்வாகி, உரிமையாளர் எல்லாரும் மாறியாயிற்று. மாறாமல் இருந்தவர்கள் கேலரியில் இருந்தவர்கள். பத்தாவது என்ற எண்ணுக்கு அத்தனை எடை கொடுத்தது அவர்களுடைய நினைவுதான். அப்பா சொன்னது, மாமா புலம்பியது, பள்ளியில் எதிர்க்கட்சிப் பையன் கலாய்த்தது, இதெல்லாம் சேர்ந்து சேமித்த நினைவு.

அப்படியென்றால் வீரர்கள் கட்டிப்பிடித்தால் பகை சாகாதா?

சாகாது. கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இல்லையே.

வீரர் அணி மாறுவது பகையைக் குறைக்கும் என்பதும் எப்போதும் சரியில்லை. 2000-ல் கால்பந்து வீரர் லூயிஸ் ஃபிகோ ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பை விட்டு நேராக அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002-ல் பார்சிலோனா மைதானத்தில் அவர் கார்னர் அடிக்க வந்தபோது மதுப் புட்டி, காசு, கடைசியில் ஒரு பன்றித் தலையே வந்து விழுந்தது. ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. வீசியது அருவருப்பான காரியம். ஆனால் பகை இல்லாத இடத்தில் துரோகம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை என்பதையும் அது காட்டுகிறது. எல்லா வீரர்களும் ஏலத்தில் சுற்றிச்சுற்றி வரும் லீக்குகளில் ஒருவர் மாறினால் யாருக்கும் அவ்வளவாக வலிப்பதில்லை. அங்கே பகை வீரர்களை விட்டுவிட்டு ஜெர்சி நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது.

டிவி கிளப்பிவிடுகிறதா? ஊதிப் பெரிதாக்குகிறது, அதில் சந்தேகமில்லை. விளம்பரக்காரர்களுக்கு எதிரி என்பது நல்ல சரக்கு. ஆனால் நெருப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு ஊதினாலும் பலன் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் 2015-ல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைத் தங்கள் பரம எதிரி என்று தாமாகவே அறிவித்து, அதற்கென்று ஒரு கோப்பையும் செய்தார். எதிர்த்தரப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறு ஆண்டு மத்திய ஃப்ளோரிடா வென்றது; கோப்பையை எடுத்துக்கொள்ளாமல் மைதானத்தோரம் விட்டுவிட்டுக் கிளம்பியது. கணக்கை இரண்டு பேரும் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் அது டைரி.

மறுபக்கம், இந்தியாவும் பாகிஸ்தானும் 2012–13 குளிர்காலத்துக்குப் பிறகு இருதரப்புத் தொடர் ஆடியதே இல்லை. பல நாடுகள் ஆடும் தொடர்களில் மட்டுமே சந்திக்கின்றன. ஆட்டங்கள் அரிதானபோது பகை வாடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் மீதும் எடை கூடியது. இங்கே எல்லையும் அரசியலும் சேர்ந்து அழுத்துவதால், விளையாட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதைப் பிரிக்க நான் முயலவும் மாட்டேன்.

உண்மையில் மாறியிருப்பது ஒன்று உண்டு. முன்பு எதிரி அணியின் ரசிகர் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தோற்ற மறுநாள் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே பாதி பயம். இன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களும் ஓர் அணியைத் தன் அணி என்கிறார்கள். அவர்களுக்கு எதிரியின் முகம் போனில்தான் தெரிகிறது. மீமும் கிண்டலும் ஓயாமல் வருகின்றன, ஆனால் அந்த எதிரியோடு சேர்ந்து டீ குடித்துச் சமாதானமாகும் வாய்ப்பு இல்லை. பகை குறைந்துவிடவில்லை, அதைத் தணித்துக்கொண்டிருந்த பழக்கம்தான் குறைந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது இந்த இடம்.

சிறிய மீள்பார்வை: வீரர்கள் நட்பாக இருப்பது, அணி மாறுவது, டிவியின் கூச்சல் ஆகியவை மேல்மட்ட அலைகள். பகை நிற்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பழைய கணக்கிலும், அதை ‘நாம்’ என்று சுமக்கும் ரசிகரிடமும்.

பகை வெறுப்பாகும் இடம்

2018 நவம்பரில், அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய கிளப் கோப்பையின் இறுதிப் போட்டியில் சந்தித்தன. இரண்டாவது ஆட்டத்துக்கு வந்த போகா பேருந்தை ரிவர் ரசிகர்கள் தாக்கினார்கள், வீரர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் அந்த ஆட்டம் ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி மாட்ரிட்டில் நடந்தது. ரிவர் 3–1 என்று வென்றது, சொந்த ஊர் பார்க்க முடியாமல். சிகாராவின் ஆய்விலும் ஒரு எச்சரிக்கை இருந்தது: எதிரியின் தோல்வியில் யாருடைய மூளை அதிகம் மகிழ்ந்ததோ, அவர்களே எதிரி ரசிகரைத் தாக்கவும் தயங்கமாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் ‘நாம்’ என்ற வட்டம் இரும்பால் செய்தது இல்லை. 2005-ல் மார்க் லெவின் குழுவினர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை வரவழைத்து, ஏன் அந்த அணி பிடிக்கும் என்று எழுதவைத்தார்கள். பிறகு அவர்கள் நடந்துபோகும் வழியில் ஒருவர் ஓடிவந்து தடுக்கி விழுந்து வலியில் துடிப்பதுபோல் நடித்தார். யுனைடெட் ஜெர்சி போட்டிருந்தபோது பெரும்பாலும் உதவினார்கள். எதிரி அணியான லிவர்பூலின் ஜெர்சி என்றால் பெரும்பாலும் கடந்து போனார்கள். அடுத்த சோதனையில் ஒன்றே ஒன்றை மாற்றினார்கள்: உங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லாமல், கால்பந்து ரசிகராக இருப்பது பற்றி எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் ஜெர்சிக்காரருக்கும் கை நீண்டது. எந்த ஜெர்சியும் போடாதவர்தான் வெளியே நின்றார்.

அதே 2005 நவம்பரில், ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா 3–0 என்று வென்ற இரவில், பார்சிலோனா வீரர் ரொனால்டினோவின் ஆட்டத்துக்காக மாட்ரிட் ரசிகர்கள் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பகை அன்றிரவும் அப்படியேதான் இருந்தது. எதிரி அல்லாத வேறோர் அணியின் வீரருக்காக அந்தக் கைதட்டல் வந்திருந்தால் இருபது ஆண்டுகள் கழித்து யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

பதிமூன்று ஆண்டு ஆடாத ஆட்டம்

பகை இன்னும் ரசிகருக்கு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டெக்சஸ் கதை. டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 1894 முதல் அமெரிக்கக் கால்பந்தில் மோதி வந்தன. இரு ஊர்களுக்கும் நடுவே காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 2011 நவம்பரில் ஏ அண்ட் எம் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில், கடைசி நொடி உதையில் டெக்சஸ் 27–25 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஏ அண்ட் எம் டிவி பணமும் அந்தஸ்தும் கூடுதலான வேறு லீக்குக்குப் போனது. ஆட்டம் நின்றது. ஓராண்டு, ஈராண்டு இல்லை, பதிமூன்று ஆண்டுகள்.

பகை டிவியால் வாழ்வது என்றால் அது அப்போதே செத்திருக்க வேண்டும். காட்ட ஆட்டமே இல்லை. வீரர்களால் வாழ்வது என்றாலும் செத்திருக்க வேண்டும். 2011-ல் ஆடியவர்கள் யாரும் கல்லூரியில் இல்லை. ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்களின் உற்சாகப் பாட்டுகளிலும் மற்றதன் பெயர் இருக்கிறது. ஏ அண்ட் எம் ரசிகர்கள் வேறு யாரோடு ஆடும்போதும், எதிரே இல்லாத டெக்சஸைச் சீண்டும் அந்த வரிகளைப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

2024-ல் டெக்சஸும் அதே லீக்குக்கு வந்து சேர்ந்தது. நவம்பர் 30 அன்று, அதே ஏ அண்ட் எம் மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். டெக்சஸ் 17–7 என்று வென்றது. அன்று கேலரியில் நின்ற முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, இந்த இரு அணிகளும் கடைசியாக மோதியபோது ஐந்து வயதுதான் இருக்கும். பாட்டு மட்டும் அவர்களுக்கு வரி பிசகாமல் தெரிந்திருந்தது.